நேற்று நடத்திய பாடம்

எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி மோசம். "ஒருத்தர் வகுப்புல இன்னொருத்தர் போய் உட்காருவோம். குறை கண்டுபிடிக்க இல்லங்க, கத்துக்க" என்று ஆசிரியர்களிடம் சொன்னது தலைமையாசிரியையான நான்தான்.

அறிவியல் ஆசிரியை செல்வி மட்டும் நேற்று என்னை உள்ளே விட்டார். புதுப் பாடம். இரண்டு இடங்களில் தடுமாறினார், மறைக்கவில்லை.

இன்று என் கணக்கு வகுப்பு. செல்வி பின்னால் வந்து உட்கார்ந்ததும், ஆய்வாளர் வரும் நாட்களில் செய்வதுபோல, ஏற்கெனவே நடத்திய பாடத்தையே எடுத்தேன். கேள்வி கேட்டதும் எல்லாக் கைகளும் உயர்ந்தன.

முதல் பெஞ்சு சுகன்யா எழுந்தாள். "டீச்சர், இது நேத்தே நடத்திட்டீங்களே!"

செல்வி சிரிக்கவில்லை.

சாயங்காலம் குன்னம் பஸ்ஸில் மெல்லக் கேட்டார். "மத்தவங்க கேட்டா என்ன சொல்லட்டும் டீச்சர்?"

"நடந்ததைச் சொல்லுங்க."

"சொன்னா இனி ஒருத்தரும் வகுப்புக்குள்ள விடமாட்டாங்க."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இறங்கும்போதுதான் வாய் திறந்தேன். "நாளைக்குப் புதுப் பாடம். எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

இப்போது புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். முக்கோணவியல். எனக்கே பாதிதான் பிடிபடுகிறது.

இந்தப் பதிவின் பின்னூட்டத்தில் ஆறுதல் வேண்டாம். கணக்குத் தெரிந்தவர்கள் வாருங்கள்.