பஞ்சுக்கைக்காரர் திருப்பிக் கொடுத்த லைசென்ஸ்

சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டில் ஏறியதுமே அவன் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டான். அக்காவின் வீட்டுக்காரர்தான் மேலே எந்திர அறையில் இருந்து அந்தக் கூண்டை இறக்கி ஏற்றுபவர். அறைக்குப் போகிற வழியில் மைத்துனன் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். அன்று கூண்டு பாதி வேகத்தில்தான் இறங்கியது. "ஏன்யா இவ்வளவு நேரம்?" என்று மேஸ்திரி எகிறியபோது, "எந்திரம் இன்னும் சூடாகலைங்க" என்றதோடு சரி. விஷயம் பல வருஷம் கழித்து அக்கா வாய்தவறிச் சொல்லித்தான் அவனுக்கே தெரியும்.

கூண்டு அடியைத் தொட்டதே தெரியாது என்பதால் ஆட்கள் அவரைப் பஞ்சுக்கை என்றே கூப்பிட்டார்கள். இரும்புக் கயிறு சுற்றும் உருளையில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இருக்கும். அது பக்கத்தில் பொருத்தியிருக்கும் ஊசிக்கு நேரே வரும்போது பிரேக் பிடிக்க வேண்டும். லிவரில் கை வைக்குமுன் கண்ணை மூடி, "உள்ள இருக்கிற உசுரெல்லாம் உன்னுதுப்பா, நான் வெறும் கை" என்று ஆண்டவனிடம் சொல்லிக்கொள்வார்.

ஒரு நாள் காலையில் கூண்டு அடியில் தடாலென்று உட்கார்ந்தது. யாருக்கும் காயமில்லை. "என்னப்பா, பஞ்சு நனைஞ்சு போச்சா?" என்று உள்ளே சிரிப்பு. மதியம் சாப்பிடும்போது அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"கோடு ரெண்டாத் தெரியுது மாப்ளே."

ஆளேற்றும் கூண்டை ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் வேண்டும். வருஷா வருஷம் கண், காது, நெஞ்சு எல்லாம் டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் லிவரைத் தொடலாம். அந்த வாரமே பரிசோதனை. மைத்துனனும் கூடப் போனான்.

"எழுத்து அட்டையை மாத்தவே இல்ல மாமா. உங்களுக்குத்தான் மனப்பாடமாச்சே, கடகடன்னு சொல்லிட்டு வாங்க. இந்த வேலையை விட்டா உங்களுக்கு வேற என்ன தெரியும்?"

எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அவரும் கடைசி வரி வரைக்கும் தட்டாமல் சொன்னார். டாக்டர் பேனாவை எடுத்தார்.

"ஐயா, நான் படிக்கலை. ஒப்பிச்சேன்."

"நானே கண்டுக்கலை, நீ ஏன்யா வாயைக் கொடுக்கிறே?"

"கூண்டுக்குள்ள ஆள் நிக்குதுங்கய்யா."

டாக்டர் அட்டையைத் திருப்பி மாட்டினார். அந்தப் பக்கத்து எழுத்துகளில் இரண்டாம் வரியே அவருக்குப் புலப்படவில்லை. சட்டைப் பையிலிருந்த லைசென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

வழியெல்லாம் மைத்துனன் பொருமினான். "நாங்க யாராச்சும் உங்களைக் கேட்டோமா?"

"நீங்க கேட்கமாட்டீங்க. அதனாலதான் சொன்னேன்."

அப்புறம் வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சங்கு ஊதினால் எழுந்து நிற்பார், பிறகு உட்கார்ந்துவிடுவார். வெளியூரிலிருந்து வந்த மகள் பார்க்கச் சகியாமல் தன்னோடு வந்து இருக்கும்படி இருவரையும் அழைத்தாள். அங்கே போன சில மாதங்களிலேயே ஆண்டவன் அவரைக் கூப்பிட்டுக்கொண்டான்.

மகள் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, அக்காவைப் பஸ் ஸ்டாப்பில் நிறுத்திவிட்டுச் சுரங்க வாசலுக்கு வந்தார். காவலாளி தடுக்கவில்லை. மைத்துனன் கூண்டுக்குள் ஏறிவிட்டிருந்தான். கம்பிக்கதவுக்கு வெளியே நின்று, அவன் முகம் இருக்கும் திசையை உத்தேசமாகப் பார்த்துச் சொன்னார்:

"என் இடத்துக்குப் புதுசா வந்தவன் நல்ல பிள்ளைதான், கை இன்னும் படியலை. அடி நெருங்கும்போது முட்டியைக் கொஞ்சம் தளர்த்தி நில்லு மாப்ளே."