தாளம் மட்டும் போதும் என்றேன்

நான் பொய் சொன்னேன். என் மனைவியின் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னேன். அதை நம்பி ஒரு நல்ல கலைஞர் இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தம் விரல்களைக் கட்டிப்போட்டிருக்கிறார்.

ஜமால் நீடாமங்கலத்தில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர். துபாயில் வேலை பார்த்தபோது ஸ்விங் என்னும் ஜாஸ் பாணிக் கிட்டார் கற்றுக்கொண்டு வந்தார். நான் தஞ்சாவூரில் வேதியியல் விரிவுரையாளன், மாண்டலின் வாசிப்பேன். என் மனைவி மாலதி பாடுவாள். அறுவடை முடிந்து தை பிறந்தால் கல்யாண வரவேற்புகளுக்கு மூவரும் போவோம்.

பாட்டுக்குப் பின்னால் வரும் கிட்டாரில் தாளத்தின் நான்கு தட்டுக்கும் ஒரே கார்டைத்தான், அதாவது சேர்ந்தொலிக்கும் ஒரே சுரக்கூட்டைத்தான், எல்லோரும் வாசிப்பார்கள். ஜமால் அப்படி நிற்க மாட்டார். இரண்டாம் தட்டில் ஒரு விரலை நகர்த்திப் பக்கத்துக் கார்டைத் தொடுவார். மூன்றில் இன்னும் ஏறுவார். நான்கில், அடுத்த வரியின் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார். தாளம் இம்மியும் பிசகாது... ஆனால் பாட்டு எழுந்து நடக்கும்!

இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன், தாராசுரத்தில் ஒரு வரவேற்பு முடிந்து வரும்போது மாலதி சொன்னாள்: "ஜமாலண்ணன் வாசிச்சா பாட்டு தானா வருதுங்க."

என் மாண்டலினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் அவர் கடைக்குப் போனேன். "நீங்க கார்டை மாத்திக்கிட்டே இருந்தா மாலதிக்குச் சுருதி பிடிபடலையாம். உங்ககிட்ட சொல்லக் கூச்சப்படுறா. தாளம் மட்டும் போதும் ஜமால்."

"அடடா, தங்கச்சிக்குத் தொந்தரவாவா இருந்துச்சு? முன்னாடியே சொல்லக்கூடாதா சார்!" என்று பதறி, எனக்கு டீ வாங்கித் தந்தார். குடித்தேன்! எப்படித்தான் இறங்கியதோ...

அன்றோடு கார்டு மாற்றுவதை நிறுத்திவிட்டார்.

"அண்ணன் ஏங்க இப்பல்லாம் அப்படி வாசிக்கிறதில்ல?" என்று மாலதி கேட்டாள். கடை வேலையில் பயிற்சி விட்டுப்போயிற்று என்றேன். நீங்களாக இருந்தால் அப்போதாவது உண்மையைச் சொல்லியிருப்பீர்களா?

போன ஞாயிறு ஜமால் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிட்டாரை எடுத்தார். மாலதி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, முன்னெல்லாம் கார்டை நடக்க விடுவீங்களே... எனக்கு அதுதான் உசிரு. ஒரு தடவை வாசிங்களேன்."

ஜமால் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் மாண்டலினுக்குச் சுருதி சேர்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"விரல் மறந்துபோச்சு தங்கச்சி" என்றார்.

மறக்கவில்லை! கம்பிகளை மீட்டாமலே அவருடைய இடக்கை அந்தக் கார்டுகளில் ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். மாலதி காபி போட உள்ளே போனபோதும் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்...

"நீங்க ஆரம்பிங்க சார்" என்றார், அதே அன்போடு.

ஆரம்பித்தேன்.