மலை இறங்கிய ரத்தம்

ஒரு வாரம் முழுக்க, என் ரத்தத்தில் பிளேட்லெட் எவ்வளவு என்பது பாடாங் செராயில் அக்கா வீடு இருக்கும் தாமான் குடியிருப்புக்கே தெரிந்திருந்தது. காலையில் கிளினிக்கில் ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பினால் முதல் திருப்பத்திலேயே யாராவது மோட்டார் சைக்கிளை நிறுத்துவார்கள். "இன்னிக்கு எவ்ளோண்ணே?" என்பார்கள். அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் டிங்கி காய்ச்சலில் விழுந்து எழுந்த நேரம் அது. பிளேட்லெட் இறங்கினால் ஆபத்து, ஏறினால் பிழைத்தாய். ரத்தத்தைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு இருந்த கல்வி அவ்வளவுதான். எனக்கும் அதற்கு மேல் இல்லை.

எனக்கு வந்தது டிங்கி அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் மூன்றாம் பாரத்தோடு பள்ளியை விட்டவன். சிடாம் கிரி பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தேன். அது இப்போது வீடமைப்புப் பகுதி. லாரி வேலை, செம்பனைக் குலை வெட்டு, ஜித்ராவில் ரொட்டி சானாய் கடை, பட்டர்வொர்த்தில் கப்பலின் துருவைச் சுரண்டும் வேலை, கேமரன் மலையில் கோஸ் தோட்டம் என்று போய்க்கொண்டே இருந்தேன். ஒரு கல்யாணமும் செய்து பார்த்தேன், நிலைக்கவில்லை. அவள் மேல் குறை இல்லை. ஓர் இடத்தில் ஒரு வருடம் தாண்டினால் எனக்கு அங்கே உட்கார முடியாது. விட்டுவந்த வேலைக்கு மறுபடி போனதும் கிடையாது.

கூலிமில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் சமைத்தபோது, அங்கே காவலுக்கு இருந்த நேப்பாளி ஒருவன் எனக்குக் கூட்டாளி ஆனான். மலாயில்தான் பேசிக்கொள்வோம். ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போனவன், அங்கே மலையேறுகிறவர்கள் தங்கும் ஒரு விடுதியைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். போனில் கூப்பிட்டான். அண்ணன் என்பதற்கு மலாயில் அபாங் என்றுதான் என்னை அழைப்பான். மலேசியாக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்களாம். இரண்டு வேளை பருப்பும் சோறும் தின்றதும் முகம் தொங்கிப்போய்விடுகிறதாம். "நீ வந்து சம்பால் செய், அபாங். அழுதுகொண்டே தின்பார்கள்" என்றான். நெத்திலியும் பெலாச்சான் என்ற இறால் விழுதும் கட்டிக்கொண்டு போனேன்.

விடுதி, மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கும் மேலே இருந்தது. அங்கே ஒரே மூச்சில் ஏறிப் போகக் கூடாது. கொஞ்சம் ஏறி, தங்கி, உடம்பு ஒத்துக்கொண்ட பிறகுதான் மறுபடி ஏற வேண்டும். நான் அப்படித்தான் போனேன். இருந்தும் முதல் இரவுகளில் தலையை யாரோ கயிறு போட்டு முறுக்குவதுபோல் வலி. கண்ணை மூடினால் மூச்சு நின்று, திடுக்கிட்டு எழுந்துவிடுவேன். ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினால் சுவரில் சாய்ந்து நிற்க வேண்டும். அரிசியும் என் கட்சிதான். தண்ணீர் கொதிக்கும், சோறு வேகாது. குக்கர் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது.

பிறகு ஒரு காலை கேஸ் சிலிண்டர் தோம்பைத் தோளில் வைத்துக்கொண்டு சரிவில் ஏறிக்கொண்டிருந்தவன், நான் நிற்கவே இல்லை என்பதைப் பாதி வழியில் கவனித்தேன். கூட்டாளி மேலே நின்று கை தட்டினான். "உன் ரத்தம் இப்போது எங்கள் ரத்தம்" என்றான். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் என் உடம்பு வேலை செய்ததைப் பார்த்து ஒருவன் கை தட்டியது எனக்கு அதுதான் முதல் தடவை.

கூட்டாளி அடுத்த பருவத்துக்கு இன்னும் மேலே ஒரு விடுதி எடுக்கப் போவதாகவும், அதன் அடுக்களை முழுக்க என்னுடையது என்றும் சொன்னான். மழைக்காலத்துக்கு விடுதியை மூடினார்கள். மழை விட்டதும் திரும்பி வருவதாகச் சொல்லி இறங்கினேன். திரும்பிப் போக வேண்டும் என்று நானாக நினைத்த வேலை அது ஒன்றுதான்.

அக்காவிடம் அதைச் சொன்னபோது அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மாமா இறந்த பிறகு தனியாக இருக்கிறாள். "போலா, போ. செத்தா யாரு கொண்டாந்து போடுவா?" என்றாள், நிமிராமல்.

வந்த சில நாட்களில் காய்ச்சல் கண்டது. உடம்பெல்லாம் வலி. கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். பிளேட்லெட் குறைவு, ரத்தம் கெட்டியாக இருக்கிறது என்றார்கள். டிங்கியில் அப்படித்தான் இருக்குமாம். டிங்கிக்கான சோதனையில் ஒன்றும் காட்டவில்லை. சில பேருக்குக் காட்டாது, தினமும் வந்து ரத்தம் கொடுங்கள் என்றார் டாக்டர். எங்கேயாவது வெளியூர் போனீர்களா என்று அவர் கேட்டபோது அக்கா முந்திக்கொண்டாள். "நேப்பாள் போயிட்டு வந்தான் டாக்டர். ஆனா காச்ச இங்க வந்துதான். எங்க லோரோங் தெருவுல மட்டும் ஏழெட்டுப் பேருக்கு இருக்கு." அவர் தலையாட்டினார். யாராக இருந்தாலும் தலையாட்டியிருப்பார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் பப்பாளி இலைதான். தாமானில் இருந்த மரமெல்லாம் மொட்டையானது. பிளெண்டரில் அரைத்துப் பிழிந்து, பச்சையாக, நுரையோடு கொண்டுவருவார்கள். அதைக் குடிப்பதற்கு மலையிலேயே கிடந்திருக்கலாம். ஒருவர் நண்டு சூப் கொண்டுவந்தார். பேச்சு வழக்கே இல்லாதவர்கள் எல்லாம் வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல் அக்காவிடம் எண்ணைக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

பக்கத்து வீட்டு அண்ணன் எல்லோருக்கும் ஒரு படி மேலே. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்ந்தவர். சுளுக்கு எடுப்பார், நாலு நம்பர் லாட்டரி எடுப்பார். என் பிளேட்லெட் எண்ணோடு அக்கா வீட்டு எண்ணைச் சேர்த்து நம்பர் கட்டினார்.

"தம்பி, நாளைக்குக் கொஞ்சம் ஏத்திக் காட்டு. இந்த நம்பர்ல அதிர்ஷ்டமே இல்ல."

"நான் செத்தா என்னா நம்பர்ண்ணே எடுப்பீங்க?"

"அப்ப பொண வண்டி நம்பர்லா" என்றார், கொஞ்சமும் யோசிக்காமல். அக்கா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன்.

இடது கெண்டைக்கால் மட்டும் ஒரு மாதிரி இருந்தது. மற்ற வலி குறையக் குறைய அது கூடியது. கொஞ்சம் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. மேலே இருந்தபோதும் ஒரு முறை அந்தக் கால் அப்படி இழுத்து, பனியில் சறுக்கியதால் வந்தது என்று துணி சுற்றிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறேன். டிங்கியில் எலும்பை முறிக்கிற மாதிரி வலிக்கும் என்று எல்லோருமே சொன்னார்கள். அதனால் யாரும் காலைப் பார்க்கவில்லை. பிளேட்லெட்டைத்தான் பார்த்தார்கள்.

ஒரு நாள் எண் ஏறியது. அக்கா அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கிளினிக் வாசலிலேயே இரண்டு பேருக்குப் போன் செய்தாள். பப்பாளி இலை ஜெயித்துவிட்டது. சாயங்காலம் பக்கத்து வீட்டு அண்ணன் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நரம்பு பெரண்டுருக்கு தம்பி. மலையில ஏறி ஏறி முறுக்கிக்கிச்சு. பல்லைக் கடிச்சிக்க."

அவர் கை நல்ல கை. கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும், கட்டியாக இருந்த இடத்தை அழுத்தி அழுத்தி மேலே தள்ளி உருவினார். முடித்தபோது வலி கொஞ்சம் குறைந்த மாதிரிகூட இருந்தது.

மறுநாள் காலை குளியலறைக்குப் போனவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மூச்சு வரவில்லை. மலையில் முதல் இரவு இருந்த அதே மூச்சு, சமதரையில். நெஞ்சில் ஒரு பக்கம் கத்தியால் குத்தியதுபோல் இருந்தது. அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் பனியனோடு ஓடிவந்து காரை எடுத்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தது நம் இனத்து டாக்டர் பெண், எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயது இருக்கும். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, காலில் உறைந்த ரத்தக்கட்டி உடைந்து நுரையீரலுக்குப் போய்விட்டது என்றாள். மூச்சு கொஞ்சம் அடங்கிய பிறகு கட்டில் ஓரத்தில் நின்று விளக்கினாள். எனக்கு விளக்க வேண்டும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவளாகச் செய்தாள்.

"அங்கிள், மலை மேல காத்து பத்தாது. அதனால உடம்பு சிவப்பணுவைக் கூட்டிக்கிட்டே போவும். ரத்தம் கெட்டியாயிடும். நீங்க அங்க தண்ணியும் சரியா குடிச்சிருக்க மாட்டீங்க."

குடிக்கவில்லைதான். குடித்தால் அந்தக் குளிரில் வெளியே போக வேண்டும்.

"பிளேட்லெட் சில பேருக்கு மேல போனா ஏறும், சில பேருக்கு இறங்கும். டாக்டருங்களுக்கே இன்னும் அதுல ஒத்த கருத்து இல்ல. ஆனா கொறைஞ்சாலும் மிச்சம் இருக்கிறது சும்மா இருக்கும்னு சொல்ல முடியாது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்க ரெடியா நிக்கலாம். கால்ல கட்டி கட்டினப்பவும் கொஞ்சம் செலவாயிருக்கும். அதான் எண்ணிக்கை கம்மியா காட்டியிருக்கு. கட்டியாலயும் காச்ச வரும். ரத்தம் கெட்டி, பிளேட்லெட் கம்மி. பேப்பர்ல பாத்தா அச்சு அசல் டிங்கிதான்."

"அப்பறம் ஏறிச்சேம்மா?"

"கீழ வந்துட்டீங்கல்ல? பழசு போயி புதுசு வர வர அதுவே ஏறும்."

அக்கா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு வாரம் அவள் மரம் மரமாகப் போய் இலை பறித்திருந்தாள்.

நான் கேட்க வேண்டியது ஒன்றுதான். மழை விட்டதும் மேலே போக வேண்டும், அதற்குள் சரியாகிவிடுமா என்றேன். டாக்டர் என் கால் படத்தை எடுத்துப் பார்த்தாள். பழைய கட்டியின் தழும்பு ஒன்றும் தெரிகிறதாம். மேலே இருந்தபோதே ஒரு தடவை வந்து போயிருக்கிறது. ஆக, இது இரண்டாவது. ரத்தத்தை இளக்கும் மாத்திரையை நிறுத்தவே முடியாது. அளவு கூடினால் ரத்தக் கசிவு, குறைந்தால் மறுபடி கட்டி. அதனால் தவறாமல் வந்து சோதிக்க வேண்டும். சோதனை தேவைப்படாத புது மாத்திரையும் இருக்கிறது, ஆனால் என் மாதிரி ஆட்களுக்கு அதை வெளியே காசு கொடுத்து வாங்கக் கட்டுப்படியாகாது. எந்த மாத்திரையாக இருந்தாலும் அந்த உயரம் இனி வேண்டாம் என்றாள்.

"எவ்ளோ உயரம் போலாம்?"

அவள் யோசித்தாள். "இங்க பக்கத்துல குனோங் ஜெராய் மலைக்குப் போங்க அங்கிள். மேல வரைக்கும் ரோடு இருக்கு." கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே எனக்கு எதையாவது கொடுக்கப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு பப்பாளி இலை கொண்டுவந்தவர்கள் யாரும் வரவில்லை. இந்த நோய்க்கு ஏறுவதற்கும் இறங்குவதற்கும் எண் கிடையாது, வந்து என்ன கேட்பார்கள்? பக்கத்து வீட்டு அண்ணன் மட்டும் வந்தார். உருவியதில்தான் கட்டி உடைந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதை அக்கா அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். நாற்காலி நுனியில் உட்கார்ந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "நான் உருவலன்னா அங்கயே கெட்டியாயி காலையே வெட்டியிருப்பாங்க" என்றார். ஒருவேளை இரவெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்த பதிலாக இருக்கும். இருக்கலாம்ண்ணே என்றேன். என் உயிரை எடுக்கப் பார்த்ததும் அதை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அவர்தான். எதை வைத்துச் சண்டை போடுவது?

அக்காவோடுதான் சண்டை வந்தது. மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னாள்:

"ஒரு வகையில நல்லதாப் போச்சு. இனிமே ஒரு எடத்துல இருப்ப."

"நல்லதா?"

"பின்ன? எங்க கெடக்குறன்னு நான் போன் போட்டுத் தேட வேணாம்."

"சாகப் பொழைக்கக் கெடந்தேன். ஒனக்குத் தேடுற வேலை மிச்சம்."

"ஆமாலா, மிச்சந்தான்" என்றாள். அழுதாள். அழுதுகொண்டே மாத்திரையை விழுங்குகிறேனா என்று பார்த்தாள்.

மழை விட்டது அங்கே. கூட்டாளி வீடியோவில் கூப்பிட்டுப் புது அடுக்களையைக் காட்டினான். பலகை இன்னும் பச்சை வாசனை அடிக்கிறது என்றான். சன்னல் வழியாகப் பனிமலை தெரிந்தது. எப்போது வருகிறாய் என்றான். நான் மலாயில் சொன்னேன். ரத்தம் சம்பந்தப்பட்ட சொற்கள் என்னிடம் அதிகம் இல்லை. எங்கள் ரத்தம் ஆகிவிட்டது என்று சொன்னாயே, அது எனக்குள் கட்டிப்போய்விட்டது என்றேன். அவனுக்குப் புரிய நேரம் எடுத்தது. பிறகு, யாராவது வேறு ஆளைச் சொல், பருவம் தொடங்கிவிட்டது என்றான். தவறில்லை. விடுதி நடத்துகிறவன் அதைத்தான் கேட்க வேண்டும். கேமரன் மலையில் என்னோடு இருந்த ஒருவனின் எண்ணை அனுப்பினேன். அவனுக்கும் குந்த இடம் கிடையாது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னை ஜெராய் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பக்கத்து வீட்டு அண்ணன் காரோட்டினார். குரூண் பக்கமாக ஏறி, வளைந்து வளைந்து போனோம். நான் என் மூச்சைக் கவனித்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் ஆகவில்லை. காது கொஞ்சம் அடைத்து, எச்சிலை விழுங்கியதும் விட்டது.

மேலே கார்களும், போட்டோ எடுக்கும் குடும்பங்களும் நின்றன. ஒரு பக்கம் வயல்வெளி, அதற்கப்பால் கடல். மேகம் வந்து மூடியது, போனது. எல்லோரும் சிலிப்பர்தான் போட்டிருந்தார்கள்.

"மூச்சு வாங்குதா?" என்றாள் அக்கா.

"இல்ல."

"தல சுத்துதா?"

"ஒண்ணும் ஆவல."

"அப்பறம் என்னலா? இதுவும் மலைதானே. கிளினிக் இல்லாத நாளா பாத்து அடுத்த மாசமும் வருவோம்."

சரி என்றேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன.