மூலைக்கு மூலை அளவு

பன்னிரண்டு தகடுகளில் ஒன்றுகூட மெஷின்மேல் சரியாக உட்காரவில்லை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் மெஷினுக்கு மேலே காய் கொட்டும் தொட்டி இருக்கும். அதன் சாய்ந்த பக்கத்துக்கான தகடுகள் அவை. மெஷின்களை ஏற்றிப்போக விழுப்புரத்திலிருந்து வந்த லாரி பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தது.

முதலாளி ஏழுமலையைக் கூப்பிட்டார். திண்டிவனத்தில் இருந்த அந்தப் பட்டறையில் ஷீட் வெட்டுகிறவர் அவர்தான். எண்பதுகளில் நான் அங்கே அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தகடுகளைச் சேர்க்க ரிவெட் அடித்துக்கொண்டிருந்தேன்.

“ஏழுமல, காத்தாலயே ஊத்திக்கினு வந்துட்டியா? எப்டிக் கோணிக்கினு நிக்குது பாரு.”

“படத்துல இருக்கிற அளவுதான் மொதலாளி. டேப்பு வச்சிப் பாருங்க.”

“டேப்பு எதுக்கு? கண்ணுக்கே தெரியுதே. டிப்ளமா படிச்ச டிராயிங் சாரு தப்பாப் போட்டாரு, நீ சரியா வெட்டிட்ட, அப்படித்தான?”

ஏழுமலை குடிப்பவர்தான். ஆனால் வேலை நேரத்தில் குடித்து நான் பார்த்ததில்லை. அன்று மாலையே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

படத்தில்தான் தப்பு என்பது எனக்கு முன்பே தெரியும். நான் படித்தது ஐந்தாவது வரை. படத்தைப் பார்த்தால் தலை சுற்றும். அதனால் எனக்கென்று ஒரு வழி வைத்திருந்தேன். படத்தில் கொடுத்த அளவுகளுக்கெல்லாம் சின்னதாகத் தகரப் பட்டைகள் வெட்டி, மூலைக்கு ஒரு ரிவெட் போட்டு, விரலால் தள்ளிப் பார்ப்பேன். அசையாமல் நின்றால் அளவுகள் போதும். ஆடினால் ஏதோ ஓர் அளவு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். இப்போது கம்ப்யூட்டரில் படம் போடுகிறவர்களுக்கு, அளவு போதாத கோடு வேறு நிறத்தில் தெரிந்து காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அந்தப் படத்தில் நான்கு பக்கத்துக்கும் அளவு இருந்தது. குறுக்கே மூலைக்கு மூலை அளவு இல்லை. அது இல்லாவிட்டால் நான்கு பக்கமும் சரியாக இருந்தும் தகடு கோணலாகிவிடும். பட்டைகள் இரண்டு பக்கமும் ஆடின. ஏழுமலை வெட்டத் தொடங்கும் முன்பே ஆபீஸ் அறை வாசலுக்குப் போனேன். உள்ளே முதலாளியும் டிராயிங் சாரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னாடா?” என்றார் முதலாளி.

“ஒண்ணும் இல்லீங்க. தண்ணி குடிக்க வந்தேன்.”

ஏழுமலையிடமாவது சொல்லியிருக்கலாம். ‘நீ இன்னா இஞ்சினீயரா?’ என்று சிரிப்பாரோ என்று அதையும் விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்துத்தான் முதலாளியிடம் வாய் திறந்தேன். அவர் ஒதுக்கிப் போட்டிருந்த தகடு ஒன்றை எடுத்து டேப் பிடித்தார். நான்கு பக்கமும் படத்தில் உள்ளபடியே இருந்தது. தகட்டைப் பழைய இடத்திலேயே போட்டார்.

“போய் வேலையப் பாரு” என்றார். அதற்குள் ஏழுமலை இடத்தில் வேறு ஆள் வைத்தாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஏழுமலையின் ஊரான கோலியனூருக்குப் போனேன். அவர் டிராக்டரில் கரும்பு ஏற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை.

“எங்கிட்ட ஏம்ப்பா சொல்ற? நான் வெட்னது எனக்குத் தெரியாதா? எங்க வூட்ல போய்ச் சொல்லு. குடிச்சிட்டு வேலையக் கெடுத்துட்டேன்னு அவ எங்கிட்டப் பேசறதே இல்ல.”

அவர் மனைவி வாசலில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை முறம் நிற்கவில்லை. பிறகு நின்றது.

“அவரும் இதையேதாங்க சொன்னாரு. நான்தான் நம்பல” என்றார்.

படத்தில் அளவு குறைந்தால் இப்போது வெட்டும் முன்பே கேட்டுவிடுகிறேன். சிரிப்பார்களோ என்று இன்னும் பயம்தான், இருந்தாலும் கேட்கிறேன். ஏழுமலை அதற்குப் பிறகு எந்தப் பட்டறைக்கும் வேலைக்குப் போகவில்லை.