பெரிய பம்ப் போட்ட கார்

எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான். கிணற்றிலிருந்து தண்ணீர் சரியாக ஏறவில்லையா, ஐந்து எச்.பி. மோட்டாரைக் கழற்றிவிட்டு ஏழரையை மாட்டு. தறிக்கூடத்தில் புழுக்கமா, இருப்பதிலேயே பெரிய ஃபேனாக வாங்கு. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. மல்லசமுத்திரத்தில் தறி ஓட்டும் என் கணவர் இந்தக் கட்சியில் ஆயுள் உறுப்பினர்.

ஒருமுறை குடும்பத்தோடு ஏற்காடு போனோம். கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி, மலைப்பாதையின் நாலாவது வளைவில் எங்கள் பழைய பெட்ரோல் காருக்கு மூச்சு வாங்கியது. ஊர் திரும்பியதும் அவர் செய்த முதல் வேலை, டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பை எடுத்துவிட்டு, பெரிய வண்டிகளுக்குப் போடும் பம்பை மாட்டச் சொன்னதுதான். அதன்பின் வண்டி மேடு ஏறுவதில் ஒரு குறையும் இல்லை, பொய் சொல்ல மாட்டேன். கிளம்புவதில்தான் குறை.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாற்பத்திரண்டு வயதில் அதில்தான் நான் ஓட்டக் கற்றேன். ராசிபுரம் போகும் வழியில் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில் எனக்கு அலுவலக வேலை. பல வருடம் டவுன் பஸ்ஸுக்குக் கால்கடுக்க நின்றவள் நான். காரில் தனியாகப் போகும் அந்த இருபத்தைந்து நிமிடம்தான் ஒரு நாளில் எனக்கென்று இருந்த நேரம். பாட்டுப் பாடுவேன். எதிரே ஒருவன் குறுக்கே வந்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டு மனதார வைவேன். அந்தச் சுகம் பஸ்ஸில் வருமா?

பம்ப் மாற்றியபின், காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி பத்து விநாடி கிர்ர் கிர்ர் என்று அழும். பிறகு ஏதோ எனக்காக மனமிரங்கியதுபோலக் கிளம்பும். மாலையில் ஆலை வாசலிலும் இதே கூத்து. காவலாளி ஓடி வந்து, "தள்ளோணுங்களா?" என்பார். மெக்கானிக் பிளக்குகளை மாற்றினார், பேட்டரியை மாற்றினார், ஸ்டார்ட்டர் மோட்டாரையும் கழற்றிப் பார்த்தார். எய்தவன் இருக்க அம்பை நோவது என்பார்களே, அதுதான் நடந்தது. பம்பைச் சந்தேகப்பட மட்டும் என் கணவர் விடவில்லை. பெரிய பம்ப் எப்படித் தப்புச் செய்யும் என்பது அவர் கேள்வி.

கடைசியில் அவருக்கே பொறுக்கவில்லை. "இத வித்துப்போடலாம். ஆத்தூர்ல ஒருத்தரு கேட்டிருக்காரு, ஞாயித்துக்கெழம வாராரு. நீ எங்கூட பைக்கிலயே வந்துக்கோ" என்றார்.

"வித்துத் தொலைங்க" என்றேன். அன்று மாலை ஆலை மேனேஜர் முன்னால் கிர்ர் கிர்ர் என்று அவமானப்பட்ட கோபம். சொன்ன மறுநிமிடமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க எனக்குத் தெரியாது, அது ஒரு வியாதி.

சனிக்கிழமை தம்பியின் தோட்டத்துக்குப் போனேன். காரைத் தென்னை மரத்தடியில் நிறுத்திவிட்டு, அவன் மனைவியோடு இரண்டு மணி நேரம் பேசிவிட்டுக் கிணற்றுப் பக்கம் வந்தால், தம்பி மோட்டாரின் குழாய்க்குள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான்.

"என்னடா, கெணத்துல தண்ணி பத்தலையா, நீ வேற ஊத்தற?"

"ஃபுட் வால்வுல குச்சி மாட்டிக்கிச்சாட்ட இருக்குதுக்கா. மோட்டார நிறுத்துனா கொழாயில இருக்கற தண்ணி பூராங் கெணத்துக்கே எறங்கீருது. மறுக்கா போடறப்ப நாலு கொடம் ஊத்துனாத்தான் புடிக்குது."

ஃபுட் வால்வு என்பது குழாயின் அடியில் இருக்கும் மூடி. தண்ணீரை மேலே விடும், கீழே இறங்க விடாது. சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். ஆனால் அன்று எனக்குக் காலில் எறும்பு கடித்ததுகூடத் தெரியவில்லை. பெட்ரோல் பங்க்கில் இரண்டு நிமிடம் நிறுத்தினால் என் கார் உடனே கிளம்பும். எட்டு மணி நேரம் ஆலையில் நின்றால்தான் அழும். பெட்ரோலும் இப்படித்தான் டேங்குக்கே திரும்பிப் போய்விடுகிறதோ?

ஓடிப்போய்க் காரில் உட்கார்ந்தேன். சாவியை முழுதாகத் திருப்பாமல் பாதியில் நிறுத்தினேன். பின்சீட்டுக்கு அடியில் பம்ப் இரண்டு விநாடி முனகிவிட்டு அடங்கியது. சாவியை அணைத்து மறுபடி பாதி. மறுபடி ஒருமுறை. தம்பி குடம் ஊற்றிய கணக்குத்தான். பிறகு முழுதாகத் திருப்பினேன். சட்டென்று பிடித்துக்கொண்டது. நான் போட்ட சிரிப்பில் தம்பி குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தான். அவ்வளவு சந்தோஷம் எனக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தபோதுகூட இல்லை.

வீட்டில் சொன்னதும் கணவர், "கெணத்துக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்.

"ரெண்டுலயும் பம்பு இருக்குதுங்க. அதானுங்க சம்பந்தம்."

மாலையிலேயே மெக்கானிக் வந்து பின்சீட்டைத் தூக்கிப் பம்பை வெளியே எடுத்தார். "பம்புல இருக்கற வால்வு நல்லாத்தானுங்கக்கா இருக்குது. இந்த ஓஸ்தான் லூசு" என்றார். புதுப் பம்பின் வாய் கொஞ்சம் சின்னது. பழைய ஓஸ் குழாயையே அதில் மாட்டியதால், வண்டி நின்றதும் இடுக்கு வழியாகப் பெட்ரோல் டேங்குக்குள் கசிந்து இறங்கியிருக்கிறது. நான் தெருவைச் சரியாகச் சொல்லிவிட்டேன், வீடுதான் ஒன்று தள்ளிப் போயிற்று. அளவான ஓஸும் புது கிளிப்பும் போட்டார்.

விற்கப் போகிற வண்டியை நானே சரிசெய்து கொடுத்திருந்தேன். அந்தக் கிளிப்பைத் தளர்த்திவிட்டால் ஆத்தூர்க்காரர் வந்த வழியே போய்விடுவார் என்ற எண்ணமும் வந்தது, ஒளிக்கவில்லை. ஆனால் நல்ல வண்டிக்குக் கெட்ட பெயர் வாங்கித் தர மனம் ஒப்பவில்லை.

ஞாயிறு காலை ஆத்தூர்க்காரர் வந்தார். சாவியைத் திருப்பினார். கிர் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், இன்ஜின் ஓடியது. "வண்டி நல்லா இருக்கே" என்று அவர் முகம் மலர்ந்தது. சொல்லைத் திரும்ப வாங்காத வியாதியாவது மண்ணாவது என்று வாயைத் திறந்துவிட்டேன்.

"மன்னிச்சுக்கோங்க. வண்டியக் குடுக்கறதா இல்லீங்க. எனக்கு வேணுங்க."

அவர் என் கணவரைப் பார்த்தார். "அப்புறம் எதுக்குங்க என்னை வரச் சொன்னீங்க?"

கணவர் தலையைச் சொறிந்தார். "அது வண்டி கெளம்பாதப்ப பேசுன பேச்சுங்க" என்றார்.

ஆத்தூர்க்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல மனிதர். கோழிக்குழம்பு வைத்துச் சாப்பிடச் சொன்னோம். அவ்வளவு தூரம் வந்தவரைச் சும்மா பஸ் ஏற்றி அனுப்புவது முறையில்லை என்று ஆத்தூர் பஸ் நிற்கும் அயோத்தியாப்பட்டணம் வரை நானே கொண்டுபோய் விட்டேன். கணவர் முன்சீட்டில் வந்தார். நான் ஓட்டும்போதெல்லாம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று வருபவர் அவர். அன்று சேலம் தாண்டியும் சத்தமே இல்லை.

அயோத்தியாப்பட்டணத்தில் இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருக்க, கணவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். ஆத்தூர்க்காரர், "எழுப்பாதீங்க" என்று சைகை காட்டிவிட்டு இறங்கிப் போனார். பஸ் வந்து அவர் ஏறும்வரை காத்திருந்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். வண்டி உடனே கிளம்பியது. கணவர் விழிக்கவில்லை.