சோப்பு கறுக்கும் நேரம்

பட்டறையில் அத்தானுக்கு வைத்த பெயர் ‘செவக்கட்டும்’. இரும்பு கிரில் செய்தே தலை நரைத்தவர். கம்பி பழுக்கும் முன்பே சுத்தியலைத் தூக்குகிறவர்களை அந்த ஒரு வார்த்தையால் அடக்கிவிடுவார். நாளடைவில் எல்லாவற்றுக்கும் அதே வார்த்தைதான். அக்கா உம்மென்று இருந்தால் அவள் முகத்தை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கிசுகிசுப்பார். “முகம் இன்னும் செவக்கல. இப்பவே நீ போய்ப் பேசு மச்சினி.”

போன மாதம் அத்தான் போய்விட்டார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் கைப்பிடிதான்.

பட்டறை கீழே, வீடு மாடியில். வெளிப்பக்கப் படிக்கட்டு மழையில் நனையும். பல வருஷங்களுக்கு முன், அதன் இரும்புக் கைப்பிடி துருவேறி, ஒருநாள் அக்காவின் கையோடு பெயர்ந்து வந்தது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் படுத்தபடி அவள் சொன்னாள்: “அந்தப் படியில இனி இரும்பு இருந்தா நான் ஏற மாட்டேன். அண்ணன் வீட்டுக்குப் படியே இல்ல. அங்கயே இருந்துக்கறேன்.”

அண்ணன் அறையை ஒழித்துக் கட்டிலும் போட்டுவிட்டார். அக்கா ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் லேசில் எழுந்திருக்க மாட்டாள். அது தெரிந்ததால் அத்தானுக்குச் சோறு இறங்கவில்லை.

அலுமினியப் பட்டை மூன்று வாங்கி வந்தார். படி பாதியில் திரும்பும். பட்டையும் அங்கே வளைய வேண்டும். மறுநாள் அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள். முதல் பட்டையை வைஸ் இடுக்கியில் இறுக்கி, சுத்தியலால் நாலு போடு போட்டார். வளைவின் வெளிப்பக்கம் பிஸ்கட் மாதிரி விண்டது. இரண்டாவதை கேஸ் டார்ச்சின் தீயில் காட்டி, “செவக்கட்டும்” என்று காத்திருந்தார். அது வெள்ளையாகவே இருந்தது. இருந்தாற்போல் நடுவில் தொய்ந்து, பொத்தென்று தரையில் விழுந்தது.

அத்தான் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். “சொல்லாம கொள்ளாம போயிடுச்சே.”

எதிர்க்கடைக்காரர் அலுமினிய ஜன்னல் செய்கிறவர். அத்தான் அவரை ‘டப்பாக்காரன்’ என்பார், அவர் காதில் விழும்படியே.

“மச்சினி, நீ போய்க் கேளு. துணி காயப்போட ஒரு கம்பி வளைக்கணும்னு சொல்லு.”

“என்னைப் பார்த்தா கம்பி வளைக்கிறவ மாதிரியா இருக்கு?”

“காலேஜ் படிச்சவதானே. நீ என்ன சொன்னாலும் நம்புவாங்க.”

போனேன். நான் சொன்ன பொய்யை அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

“துணிக் கம்பியா? சரிங்கக்கா. முதல்ல எந்தப் பக்கம் விண்டுச்சு?”

“வெளிப்பக்கம்.”

“அடுத்தது?”

“உருகி…” நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் சிரிக்கவில்லை. “அலுமினியம் செவந்து காட்டாதுங்கக்கா. அதுக்குக் காத்திருந்தா கையில ஒண்ணும் மிஞ்சாது. வளைக்கிற இடத்துல காய்ஞ்ச சோப்பைத் தேய்க்கச் சொல்லுங்க. டார்ச்சை ஒரே இடத்துல நிறுத்தாம ஓட்டிட்டே இருக்கணும். சோப்பு கறுத்ததும் நிறுத்திடணும். ஆறினதும் தடிச்ச பைப் மேல வெச்சு மெதுவா வளைக்கணும். சுத்தியல் வேண்டவே வேண்டாம்.” நான் திரும்பியதும் குரல் தொடர்ந்தது: “டப்பாக்காரன் சொன்னான்னு சொல்லுங்க.”

வீட்டில் துணி சோப்பு ஊறிக் கூழாகிக் கிடந்தது. காய்ந்த சோப்பு ஒன்றுதான் இருந்தது: வாசனைக்காக அக்கா பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்திருந்தது. பீரோவை நான்தான் திறந்தேன்.

அத்தான் தேய்த்தார். தீயை மேலும் கீழுமாக ஓட்டினார். வெள்ளைக்கோடு பழுப்பாகிக் கறுத்தது. டார்ச்சை அணைத்துவிட்டு, ஆறும்வரை கைகளைத் தொடைக்கடியில் வைத்து அமர்ந்திருந்தார். வெளியே விட்டால் அவை சுத்தியலைத் தேடும். பிறகு தடித்த பைப்பின்மேல் பட்டையை வைத்து இருவரும் மெல்ல அழுத்தினோம். சத்தமே இல்லாமல் வளைந்து கொடுத்தது. அவர் வெளிப்பக்கம் நகத்தால் தடவிப் பார்த்தார். விரிசல் இல்லை.

“உங்கக்காவும் இந்த ரகம்தான். முகம் செவக்கவே செவக்காது. இத்தனை வருஷம் எதைப் பார்த்துட்டு இருந்தேனோ” என்றார்.

மறுநாள் அண்ணன் காரை அணைக்காமலே வாசலில் நிறுத்தியிருந்தார். அக்கா கைப்பிடியை ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. ஒவ்வொரு படியாக ஏறித் திருப்பத்தில் நின்றுவிட்டாள். சுவர் விளிம்பில், பட்டையைப் பொருத்தும்போது அத்தான் வைத்து மறந்துபோன சோப்பு. நடுவில் பட்டை அகலத்துக்குப் பள்ளம்.

“என் பீரோவைத் திறந்தது யாரு?”

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அத்தான் என் காதில், “கறுத்துடுச்சு. வாயைத் திறக்காதே” என்றார்.

அக்கா சோப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மீதிப் படிகளையும் ஏறினாள். அண்ணன் காரைத் திருப்பினார்.

போன மாதம் அத்தானுக்குத் துக்கம் கேட்க வந்த எதிர்க்கடைக்காரர், இறங்கும்போது திருப்பத்தில் நின்று வளைவை நகத்தால் தடவிப் பார்த்தார்.

“என்ன தம்பி, விரிசல் தேடறியா?” என்றாள் அக்கா மேலிருந்து.

“இல்லக்கா. துணிக் கம்பி நல்லா வந்திருக்கு.”

அவளுக்கு விளங்கவில்லை. அவர் போனபின் நான் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

“அப்ப பீரோவைத் திறந்தது நீயா?” என்றாள் கடைசியில். “அந்த மனுஷனை இத்தனை வருஷமும் சும்மா திட்டிட்டேனே.”