நான் எழுதிக் கொடுத்த துண்டு

சகோதர சகோதரிகளே, இந்த மைக்கைப் பிடித்தபோதெல்லாம் என் புருஷனைச் சொல்லித்தான் அழுதிருக்கிறேன். இன்றைக்கு என்னைப் பற்றிச் சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ரஜனி. வீடு லிங்கநகர். என் புருஷன் கடற்கரையில் படகு எஞ்சின் திருத்துகிறவர். இவர் குடித்தார், அது பொய்யில்லை. நான் பட்ட பாடு ஆண்டவருக்குத் தெரியும். ஆனால் உங்களுக்கும் ஒன்றுவிடாமல் தெரியும், அதுதான் என் வெட்கம். ஞாயிறு தவறாமல் சபையில் சாட்சி சொல்ல எழும்புவேன். வீட்டுக் கேற்றடி வாய்க்காலுக்குள் அவர் விழுந்தது முதல் பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்துக்குள் வாந்தி எடுத்தது வரைக்கும் சொல்லுவேன். முடிந்ததும் சகோதரிகள் நீங்கள் வந்து முதுகைத் தடவி, "எப்பிடித்தான் தாங்குறீங்களோ அக்கா" என்பீர்கள். சொல்ல வாய் கூசுகிறது. அந்தத் தடவல் எனக்குப் பிடித்திருந்தது.

மகள் ஷாமினிக்குப் பதினான்கு வயது. ஓய்வுநாள் பள்ளியில் ஒரு பிள்ளை வாய்க்கால் கதையைச் சொல்லிச் சிரித்ததாம். வீட்டுக்கு வந்து, "அம்மா, மெதுவாச் சொன்னா ஆண்டவருக்குக் கேளாதோ?" என்று கேட்டாள். வாயைப் பொத்து என்று ஏசினேன்.

கடந்த கார்த்திகையில் இவர் குடியை விட்டார். யாரும் சொல்லி அல்ல, தானாகவே. வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வருவார். குசினி வாசலில் கதிரையைப் போட்டுப் பிளேன்டீ குடிப்பார். நான் நாள் எண்ணினேன். இருபத்தாறு நாள்! நீங்கள் வருஷக்கணக்காகச் செய்த ஜெபத்துக்குப் பதில் என் குசினி வாசலில் உட்கார்ந்திருந்தது. நானோ சபையில் மூச்சுக்கூட விடவில்லை. திரும்பக் குடித்தால் என் சொல் என்னாவது என்று மனதுக்குச் சாட்டுச் சொன்னேன். உண்மை அதுவல்ல. அவர் திருந்திவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எழும்பி நான் எதைச் சொல்வது?

நத்தார்ப் பண்டிகைக்கு நாலு நாள் இருக்க, கரோல் பாடுகிறவர்கள் எங்கள் வீட்டுக்கு வரும் முறை. பாடி முடித்து, அந்த வீட்டின் தேவைக்காக ஜெபிப்பார்கள். தேவையை முதலே துண்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். நானும் கொடுத்தேன். வழக்கமாக எழுதுவதையே எழுதினேன்: கணவன் குடியிலிருந்து விடுதலை பெற.

அன்றைக்கு இவர்தான் முற்றம் கூட்டி, நட்சத்திரக் கூடு கட்டினார். அயல்வீட்டில் கதிரை இரவல் வாங்கி அடுக்கினார். புதுச் சேட்டுப் போட்டு, கேக்கும் தானே வெட்டினார். பாட்டு முடிந்தது. ஒரு தம்பி துண்டைப் பார்த்து, "ஆண்டவரே, இந்த வீட்டுத் தகப்பனைக் குடிவெறியில இருந்து விடுவியும்" என்று உரத்து ஜெபித்தார். அயலட்டை மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தது. அந்தத் தம்பியில் பிழையில்லை. நான் எழுதியதைத்தான் சொன்னார்.

கண்ணைத் திறந்தேன். இவர் கேக் தட்டோடு நின்றார்.

"நான் விட்டது உனக்குத் தெரியுந்தானே?"

"ஓம்" என்றேன்.

தட்டை மேசையில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவருடைய போன் மேசையிலேயே கிடந்தது.

அன்றோடு மழை பிடித்தது. மறுநாள் கடற்கரைக்கு ஓடினேன். அவரை ஒருவரும் காணவில்லை. ஈச்சிலம்பற்றில் அவருடைய தங்கச்சி வீடு இருக்கிறது. ஆனால் அங்கே போகும் வழியில், வெருகல் பக்கம் றோட்டுக்கு மேலால் தண்ணீர். பஸ் இல்லை, தங்கச்சியின் போனும் எடுபடவில்லை. குடித்துவிட்டு வெள்ளத்தில் இறங்கிவிட்டாரோ?

வழக்கம்போல ஜெபக் குழுவுக்குச் சொல்லப் போனை எடுத்தேன். மகள் என்னைப் பார்த்தாள். போனை வைத்துவிட்டேன்.

அறைக் கதவைச் சாத்தி, அலுமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவில் முழங்காலில் விழுந்தேன். மைக்கில் வரும் அழகான வசனம் ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, நான்தான் அவரைத் தெருவில விட்டனான். உயிரோட கொண்டுவந்து தாரும்." இவ்வளவுதான் என் ஜெபம். இரண்டு நாளும் இதையே சொன்னேன்.

மூன்றாம் நாள் பகல், இவருடைய தங்கச்சியே எனக்குப் போன் எடுத்தாள். "மச்சாள், பயப்பிடாதேங்கோ, அண்ணா இஞ்சதான். தண்ணி வத்தினவுடன வருவார். வந்த நாள் தொடக்கம் பிளேன்டீயாக் குடிச்சு என்ர தேயிலையை முடிச்சுப்போட்டார்!"

குடித்தாரா என்று நான் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கும் ஆண்டவர் பதில் தந்தார். நிலத்தில் உட்கார்ந்து அழுதேன்.

நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம், நனைந்த சேட்டோடு வந்து சேர்ந்தார். மகளுக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டேன். சேட்டைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "எனக்காக ஜெபம் பண்ண வேண்டாமெண்டு சொல்லேல்ல. எனக்குப் பக்கத்தில இருந்து பண்ணு."

நத்தார் காலை, சபைக்கு வெளிக்கிட முதல், மூன்று பேரும் மேசையடியில் கைபிடித்து நின்றோம். மகள் ஜெபித்தாள். இவர் "ஆமேன்" என்றார். எங்கள் வீட்டின் முதல் குடும்ப ஜெபம் அது. இன்றுவரை ஒரு நாளும் விடவில்லை. அதற்குப் பிறகு இவர் எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். அது எங்கள் வீட்டுக்குள் இருக்கட்டும்.

உங்கள் வீட்டாருக்காக ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். அவர் செவிடரல்ல, மைக் தேவையில்லை. ஆனால் அவர் பதில் தந்தால் மட்டும், என்னைப்போல ஒளித்து வைக்காதீர்கள்.

இதைச் சொல்லட்டோ என்று நேற்று இவரிடம் கேட்டேன். "உன்ர கதைதானே, சொல்லு. நானும் வாறன்" என்றார்.

வந்திருக்கிறார். கடைசி வரிசையில், கதவடிக் கதிரையில் இருக்கிறார். தயவுசெய்து ஒருவரும் திரும்பிப் பார்க்காதீர்கள்.